டி செல்களை எழுப்பும் மார்க்கம்
1973ஆம் ஆண்டில், நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மனும் ஸான்வில் கோனும் எலியின் மண்ணீரலில் கண்டறிந்த, மரக்கிளைகளைப் போல் கைகளை விரித்த டென்ட்ரிடிக் செல்களே, கிருமியின் புரதத் துணுக்குகளை, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்களுக்குக் காட்டி அவற்றை விழிப்பிக்கும் பிரதான கர்த்தாக்கள் என்பது பிற்பாடு ஸ்தாபிதமாயிற்று.

தடுப்பூசியில் செலுத்தும் கிருமிப் புரதத்தில் சொற்பமே இச்செல்களை அடைகிறது. ஆகையால் அவற்றின் மேற்பரப்பிலுள்ள டெக்-205 என்னும் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளோடு அப்புரதத்தை இணைத்து அனுப்பியபோது, மிகக் குறைந்த அளவுகூட டி செல்களைப் பலமாகத் தூண்டியதை எலிகளில் கண்டார்கள். ஆனால் நான் பெரிதும் வியக்கும் சூட்சுமம் வேறு: அபாயத்தை உணர்த்தும் துணைமருந்து உடன் செல்லாவிடில், அதே செல்கள் டி செல்களைச் சாந்தப்படுத்தி, அப்புரதத்தைச் சகித்துக்கொள்ளவே பழக்கிவிடுகின்றன. உடல் தன்னைத் தானே தாக்கும் வியாதிகளுக்கு இக்குணத்தையே சிகிச்சையாக்க ஆராய்ச்சியாளர்கள் முயல்கிறார்கள்.