இந்தூர் சிறையில் கட்டிய ராக்கி

2002 ஆகஸ்ட் மாதம், ரக்ஷா பந்தனையொட்டி இந்தூர் சிறைக்கு ஒரு கன்னியாஸ்திரி போனார். ஆயுள் தண்டனைக் கைதி சமுந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டி, அவரைத் தம் உடன்பிறந்தவராக ஏற்றுக்கொண்டார். கன்னியாஸ்திரியின் பெயர் செல்மி பால். ஏழு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கைதி குத்திக் கொன்றது அவருடைய சொந்த அக்காவை.

அக்கா ராணி மரியா, கேரளத்தின் பெரும்பாவூர் அருகே புல்லுவழியில் 1954-ல் பிறந்தவர். பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்து வட இந்தியாவுக்குப் போனார். மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்தில் உதய்நகர் என்ற சிற்றூர்தான் அவருடைய கடைசிப் பணித்தளம். அங்கே ஏழை ஆதிவாசிகள் வட்டிக்கடனில் மாட்டி, தலைமுறை தலைமுறையாக மீள முடியாமல் கிடந்தார்கள். வங்கியில் கடன் கேட்பது எப்படி, அரசுத் திட்டங்களுக்கு மனு போடுவது எப்படி, குழுவாகச் சேர்ந்து சேமிப்பது எப்படி என்று ராணி மரியா சொல்லிக்கொடுத்தார். அதனால் வட்டிக்கு விட்டவர்களின் வருமானம் படுத்தது. 1995 பிப்ரவரி 25 அன்று அவர் இந்தூருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது, ஏவிவிடப்பட்ட சமுந்தர் சிங் வழியிலேயே அவரைக் குத்தினார். உடலில் 54 காயங்கள். அப்போது ராணி மரியாவுக்கு வயது 41.

சிறையில் சமுந்தர் சிங் உடனே மனம் திருந்திவிடவில்லை. தன்னைத் தூண்டிவிட்டுக் கைகழுவியவர்களைப் பழிவாங்க வேண்டும் என்ற வெறிதான் அவருக்குள் இருந்தது. அவரைத் தேடிப்போனவர் சுவாமி சதானந்த் என்று அறியப்பட்ட ஒரு கத்தோலிக்கத் துறவி. அவர் பேசிப் பேசி அந்த மனதை இளக்கிய பிறகே செல்மி பாலின் வருகை நடந்தது. பின்னர் சகோதரிகள் இருவரின் தாய் எலீஸ்வாவும் சமுந்தர் சிங்கைச் சந்தித்து, மகளின் இரத்தம் பட்ட அந்தக் கைகளை முத்தமிட்டார். குடும்பமும் சபையும் சேர்ந்து அவருடைய விடுதலைக்காக மனு கொடுத்தன. 2006-ல் விடுதலையானவர், மறு ஆண்டே புல்லுவழிக்குப் போய் அந்தத் தாய்வீட்டில் நின்றார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டபோது, கூட்டத்தில் அவரும் இருந்தார்.

படிப்பவர் மனதில் எழும் கேள்வி நியாயமானது. இப்படியெல்லாம் மனிதரால் முடியுமா?

சேர்வராயன் மலையில் ஏற்காட்டின் ஆலயங்களுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. துறவற சபைகள் நூறாண்டுக்கும் மேலாக வேரூன்றிய மலை இது. மான்ட்ஃபோர்ட் பள்ளியே 1917-லிருந்து இருக்கிறது. தவக்காலம் வந்தால் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு மக்கள் வரிசையில் நிற்பார்கள். பெரிய வெள்ளியன்று சிலுவை மொழிகளைத் தியானிக்கும் ஆலயங்களில் முதலில் வருவது, தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களுக்காகவே இயேசு வேண்டிய மன்றாட்டு. ஆனால் வீட்டுக்குத் திரும்பினால் காத்திருப்பது பெரும்பாலும் கொலைகாரர் அல்ல. பாகப்பிரிவினையில் ஏமாற்றிய அண்ணன், வாங்கிய பணத்தை இல்லை என்று சாதித்த நண்பர், கல்யாண வீட்டில் சபை நடுவே அவமானப்படுத்திய சித்தப்பா. பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் எந்த ஊரிலும் உண்டு.

செல்மி பால் செய்ததில் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. வன்மத்தை விடுவது ஒன்று. அந்த மனிதரை மறுபடி உறவுக்குள் சேர்த்துக்கொள்வது இன்னொன்று. முதலாவதை ஒருவர் தனியாகவே செய்ய முடியும். தவறு செய்தவர் செத்தே போயிருந்தாலும் முடியும். இரண்டாவதற்கு எதிரில் இருப்பவரும் மாற வேண்டும். சுவாமி சதானந்தின் உழைப்பு இல்லாவிட்டால் அந்த ராக்கிக்குக் கை நீண்டிருக்குமா என்பது சந்தேகமே. பவுல் பிலேமோனுக்கு எழுதிய மிகச் சிறிய கடிதத்தின் விஷயமும் இதுதான். அவரைவிட்டுப் பிரிந்துபோன அடிமை ஒனேசிமுவைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொல்லும் பவுல், அவனால் ஏதேனும் நஷ்டம் இருந்தால் தாமே ஈடுசெய்வதாகவும் எழுதிக்கொடுக்கிறார். கணக்கை மறந்துவிடு என்று அவர் சொல்லவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குடிபோதையில் அடிக்கும் கணவனிடமிருந்து ரத்தக் காயத்தோடு ஓடிவந்த பெண்ணை, ‘மன்னிச்சு ஏத்துக்கம்மா’ என்று அன்றைக்கே திருப்பி அனுப்பும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அது கிறிஸ்தவ மன்னிப்பு ஆகாது. அடிபட்டவள் மீது இன்னொரு சுமை. ஏழெழுபது தடவை மன்னிக்கச் சொல்லும் மத்தேயு 18-ஆம் அதிகாரமே, அதற்குச் சற்று முன்னால் ஒரு நடைமுறையையும் வைக்கிறது: தவறு செய்தவரிடம் தனியாகப் போய் எடுத்துச் சொல், கேட்கவில்லையென்றால் ஓரிருவரை அழைத்துக்கொண்டு போ, அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். தவறைத் தவறென்று முகத்துக்கு நேரே சொல்வது அந்தப் போதனையின் பகுதி. முன்பகுதியை விட்டுவிட்டுப் பின்பகுதியை மட்டும் பிரசங்கிப்பது பலவீனரை வதைப்பதில்தான் முடியும்.

மன்னிப்பதற்கும் தவறை மூடிமறைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் நன்றாக அறிந்தவர். ஒடிசாவில் தொழுநோயாளிகளிடையே பணிசெய்த ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸின் மனைவி. மகன்கள் பிலிப்புக்கு 10 வயது, திமோத்திக்கு 6. நமது நீலகிரியில், ஊட்டியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். 1999 ஜனவரி 22 இரவு மனோகர்பூர் கிராமத்தில் அப்பாவும் பிள்ளைகளும் வண்டிக்குள் தூங்கியபோது, ஒரு கும்பல் வண்டியைக் கொளுத்தியது. மூவரும் கருகி இறந்தார்கள். கொன்றவர்களை மன்னித்ததாக கிளாடிஸ் அறிவித்தார். உடனே ஊருக்குத் திரும்பிவிடாமல் பாரிபதாவில் தங்கித் தொழுநோயாளிகளுக்கான இல்லப் பணியைத் தொடர்ந்தார். அதே சமயம் மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு, சட்டம் தன் வேலையைச் செய்யட்டும் என்பதே அவருடைய நிலை. முதன்மைக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-ல் உறுதிசெய்தது. 2005-ல் இந்திய அரசு கிளாடிஸுக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு மன்னிப்பு பற்றிய கேள்வி இன்னும் ஆறாத புண். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. தற்கொலைக் குண்டுதாரிகள் தாக்கிய மூன்று தேவாலயங்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஒன்று. ஓய்வுநாள் பள்ளி முடித்து நின்ற குழந்தைகள் பலர் அங்கே இறந்தார்கள். சபையின் மூத்த போதகர் ரோஷன் மகேசன், தங்களுக்கு வலியும் கோபமும் இருப்பதை மறைக்காமலே, குண்டுதாரியையும் அவரை அனுப்பியவர்களையும் மன்னிப்பதாகச் சொன்னார். கோபம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதால்தான் அந்தச் சொல்லுக்கு அத்தனை எடை.

கொழும்புப் பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித்தும் 2020 உயிர்ப்பு விழாவில் மன்னிப்பை அறிவித்தார். ஆனால் அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. முன்னெச்சரிக்கை வந்தும் யார் அலட்சியமாக இருந்தார்கள், பின்னால் இருந்தவர்கள் யார் என்ற கேள்விகளை ஆட்சி மாறினாலும் விடாமல் கேட்டுவருகிறார். பாதிக்கப்பட்டவர்கள் உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில், 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முழு உண்மையும் வெளிவர வேண்டும் என்று அந்தக் குடும்பங்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.