அரும்பு நிலையில் ஒரு பேத்தி

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அண்ணாச்சி. மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தியைத் தொடக்கப் படியான ‘அரும்பு’ நிலையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டீர்கள். அந்தக் காலத்தில் இப்படி நிலை பார்த்து உட்கார வைப்பதெல்லாம் உண்டா என்றும் கேட்டீர்கள். உண்டு, திண்ணைப் பள்ளிக்கூடங்களில்.

நம் தென்காசியை 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட அதிவீரராம பாண்டியர் நைடதம் பாடிய பெரும்புலவர். அவரே சின்னச் சின்ன அடிகளில் வெற்றிவேற்கையும் எழுதினார். பின்னாளில் ஆத்திசூடி, கொன்றைவேந்தனோடு அதுவும் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பாடமானது.

அந்தத் திண்ணையில் இன்றுபோல வகுப்புப் பிரிவு கிடையாது. ஒரே வாத்தியார். சின்னப் பிள்ளை மணலில் விரலால் அனா, ஆவன்னா எழுதும். பக்கத்திலேயே பெரிய பையன் ஓலையில் எழுத்தாணி பிடிப்பான். எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்வார்கள். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று. நெல்லுக்கும் நிலத்துக்கும் கணக்குப் பார்க்க இவை வேண்டும். ஒரு பாடம் மனதில் நின்ற பிறகுதான் அடுத்தது. தேறிய பையன் சட்டாம்பிள்ளையாகிச் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான்.

சென்னை எழும்பூரில் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளிக்கும் அதைக் கொண்டுவந்தார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று அது இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் கொடுத்த பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர்.

இவ்வளவு பெருமை சொன்னாலும் என் மனம் ஆறுவதில்லை. கவர்னர் மன்றோ 1822இல் கேட்டு வாங்கிய கணக்கில், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், சுமார் 1,88,000 பிள்ளைகள். அதில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். தீண்டாமை என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளைப் பெரும்பாலான திண்ணைகள் ஏற்கவே இல்லை. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனை வேறு. உங்கள் பேத்தி அன்று பிறந்திருந்தால் அரும்பு நிலைகூட அவளுக்குக் கிடைத்திருக்காது. எனக்கு இதுதான் பெரிய வித்தியாசம், மற்றதெல்லாம் பிறகு.

பிற்பாடு பள்ளிக்கூடம் எல்லோருக்கும் திறந்தது. 1956இல் காமராஜர் மதிய உணவும் போட்டார். ஆனால் வயதை வைத்து வகுப்புப் பிரித்தோம். ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் அப்படியே மூன்றாம் வகுப்புக்கு வந்துவிடும். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது இந்த இடைவெளி இன்னும் பெருகியது. அதற்காகத்தான் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறார்கள். பழைய திண்ணையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நல்லது இதுதான்.

ஆகையால் எப்போது மலருக்குப் போவாள் என்று டீச்சரிடம் கேட்காதீர்கள். எந்த எழுத்தில் திணறுகிறாள், கழித்தலில் கடன் வாங்கத் தெரிகிறதா என்று கேளுங்கள். சாயங்காலம் அவள் அக்காவைப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள்.