சபையும் சபையும்

ஞாயிற்றுக்கிழமை சர்ச். மற்ற நாட்களில் வாடகை மண்டபம். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் பெரிய குவிமாடத்துடன் நிற்கும் மெதடிஸ்ட் சென்ட்ரல் ஹாலுக்கு இந்த இரட்டை வாழ்க்கை புதிதல்ல. 2,000 பேருக்கு மேல் அமரக்கூடிய இங்கு மாநாடு, இசை நிகழ்ச்சி எல்லாம் நடக்கும்.

இதைக் கட்டியது கோடீஸ்வரர்கள் அல்ல. 1898-ல் தொடங்கிய நிதி வசூலில் விதி ஒன்றுதான்: ஒருவர் பெயரில் ஒரு கினிக்கு மேல் வாங்குவதில்லை. ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், அன்று கூலித் தொழிலாளிக்கு ஏறக்குறைய ஒரு வாரச் சம்பளம். கொடுத்த பணக்காரர், ஏழை எல்லோரது பெயரும் ஒரே பதிவேட்டில். கேளிக்கைக் கூடமாக இருந்த ராயல் அக்வேரியம் இடிக்கப்பட்டு, 1912-ல் ஹால் திறக்கப்பட்டது.

1946-ல் வந்தது பெரிய விருந்தாளி: ஐ.நா. ஜனவரி 10-ல் 51 நாடுகளின் முதல் பொதுச்சபை கூடியது இங்கேதான். அதே மாதம், அருகிலுள்ள சர்ச் ஹவுஸில் கூடிய ஐ.நா. பொருளாதார, சமூக கவுன்சிலின் முதல் தலைவரானார் ஒரு தமிழர்: ஆற்காடு ராமசாமி முதலியார்.

உலக நாடுகளுக்கு இடம் கொடுத்துவிட்டு, சபையார் ஜெபிக்கப் போனது கொலிசியம் தியேட்டருக்கு. கேளிக்கைக் கூடத்தை இடித்துக் கோயில் கட்டியவர்களின் வாரிசுகள், உலக சமாதானத்துக்காக நாடகக் கொட்டகையில் மண்டியிட்டார்கள்.