மண்ணின் வேகமும் வண்டியின் வேகமும்

தொடர்வண்டி விரையும்போது அதன் எடை, தண்டவாளம், குறுக்குக்கட்டை, சல்லிக்கற்கள் ஆகியவற்றின் வழியே மண்ணை அழுத்துகிறது. மண் சிறிதளவு அமிழ்ந்து மீள்கிறது. அவ்வசைவு அலைகளாகச் சுற்றிலும் பரவுகிறது. அவற்றுள் நிலப்பரப்பை ஒட்டிச் செல்பவை ரேலே அலைகள் எனப்படும். பாதையோர வீடுகளை அதிரச் செய்வதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

இவ்வலைகளின் வேகம் மண்ணுக்கு மண் வேறுபடும். இறுகிய நிலத்தில் நொடிக்குப் பல நூறு மீட்டர் செல்லும் அலை, நீர் செறிந்த மென்களிமண்ணில் 50 மீட்டருக்கும் குறைவாகவே செல்லக்கூடும். வண்டி அலையைவிட மெதுவாகச் செல்லும்வரை அலைகள் அதனை முந்திச் சென்று தேய்ந்துவிடும். இரண்டின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாகும்போது, அலைகள் விலகிச் செல்ல இயலாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரளும். ஒலியை முந்தும் வானூர்தி பெருமுழக்கம் எழுப்புவதும் இத்தகையதே. இவ்வேகமே மாறுநிலை வேகம் ஆகும்.

அலைவேகத்தை வண்டி கடந்தால் நில அதிர்வு பன்மடங்கு பெருகும் என்பதை விக்டர் கிரைலோவ் என்னும் அறிஞர் 1995இல் வெளியிட்ட கட்டுரையில் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணிப்பு விரைவிலேயே மெய்ப்பட்டது. சுவீடன் நாட்டில் கோத்தன்பர்க், மால்மோ நகரங்களை இணைக்கும் பாதையில் 1997இல் எக்ஸ் 2000 விரைவு வண்டிகள் ஓடத் தொடங்கின. லெட்ஸ்கோர்ட் என்னுமிடத்தில், வேகம் மணிக்கு 140 கிலோமீட்டரிலிருந்து 180 ஆக உயர்ந்தபோது அதிர்வு ஏறத்தாழப் பத்து மடங்காயிற்று. அங்குள்ள மென்மண்ணில் அலைவேகம் நொடிக்குச் சுமார் 45 மீட்டர், அதாவது மணிக்கு 162 கிலோமீட்டர். வண்டியில் பழுது இல்லை; மண்ணின் எல்லையை அது கடந்திருந்தது. பாதையைத் தாங்கும் மண்கரையே அசைந்ததால் வேகத்தைக் குறைக்க நேர்ந்தது.

பின்னர்ச் சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணுடன் கலக்கப்பட்டு, பாதையின் அடியில் தூண்கள் உருவாக்கப்பட்டன. நிலம் இறுகியது, அலைவேகம் உயர்ந்தது, அதிர்வு தணிந்தது.

இன்று பாதை அமைக்கும் முன்னரே பொறியாளர் நிலத்தைச் சம்மட்டியால் தட்டி, வரிசையாகப் பதித்த உணரிகளால் அலைவேகத்தை அளக்கின்றனர். அதனைக் கொண்டு மாறுநிலை வேகத்தைக் கணிக்கின்றனர். மண்ணை வலுப்படுத்துதல், தண்டவாளத்தின் அடியில் மீள்தன்மையுள்ள திண்டுகளை அமைத்தல், பாதையோரம் அகழி வெட்டுதல் ஆகியவற்றுள் இடத்திற்கேற்றது தெரிவு செய்யப்படுகிறது. வண்டி எவ்வளவு விரைவாக ஓடலாம் என்பதை அதன் பொறி மட்டும் முடிவு செய்வதில்லை; அதனைத் தாங்கும் மண்ணும் சேர்ந்தே முடிவு செய்கிறது.