மண் பூண்ட மாற்றுக்கோலம்

குயவன் கையிற்பட்ட மண் எவ்வுருவமும் ஏற்கும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், உருவம் வேறு, இயல்பு வேறு. மண்ணைக் குடமாக வனைதல் உருவம்பற்றிய தொழில். அம்மண்ணையே மரமென்றும் தோலென்றும் வெண்கலமென்றும் காண்பார் கண் மயங்கச் செய்தலோ இயல்பையே மாற்றிக் காட்டும் தொழிலாகும். பின்னதைக் குறித்தே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இக்கலையைப் பழிப்பாரும் உளர். ஒவ்வொரு பொருளும் தன் தன்மை தோன்ற நிற்பதே அழகு. மண், மரம்போல் நடிப்பது பொய் என்பது அவர் கொள்கை. மேனாட்டுக் கைவினை அறிஞர் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இதனை வற்புறுத்தி வந்தனர். எளிதில் தள்ளத்தக்க கொள்கை அன்று இது. விலையுயர்ந்த பொருளை வாங்க இயலாதார்க்கு அதன் போலியை விற்றுப் பொருளீட்டலே இத்தொழிலின் நோக்கமாயின், யாமும் அவர் பக்கமே நிற்போம். நோக்கம் அதுதானா என்பதே வினா.

சீன நாட்டார் நெடுங்காலமாகப் போற்றிய பசுங்கல் ஒன்றுண்டு; ஜேட் என்பது அதன் பெயர். எட்டாம் நூற்றாண்டினரான லூ யூ, தேநீர் குறித்துத் தாம் இயற்றிய நூலில், யுவே நாட்டுக் கிண்ணங்களை அக்கல்லோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார். மெருகிற் சிறிதளவே கலந்த இரும்பு, காற்றைக் குறைத்து எரிக்கும் சூளையிற் பசுமை கொள்ளும். அதுவே அந்நிறத்தின் மறை. ஆயினும் இஃது நிறவொப்புமை மட்டுமே.

முழு ஒப்புமையைக் காண விரும்புவார் 1735 முதல் 1796 வரை அரசாண்ட சீயன்லுங் மன்னர் காலத்திற்கு வரல்வேண்டும். ஜிங்தெஜென் நகரத்து அரசாங்கச் சூளைகளைத் தாங் யிங் என்பார் மேற்பார்த்து வந்தார். அங்கே பீங்கான், களிம்பு படர்ந்த பழைய வெண்கலமாயிற்று. செதுக்கிய செவ்வரக்குப் பேழையாயிற்று. இழை தெரியும் மரக்கிண்ணமாயிற்று. நண்டும் கொட்டைகளும் வைத்த தட்டு ஒன்றைக் கண்டார், அவை தட்டோடு ஒட்டிய பீங்கானே என உணரச் சிறிது நேரம் ஆகும். இம்மன்னர்க்கு வெண்கலம் கிட்டாமையாலோ இவை செய்யப்பட்டன? அவர் அரண்மனையிலிருந்த பழைய வெண்கலப் பொருள்களுக்கு அவர் ஆணையால் எழுதப்பட்ட அட்டவணையில் 1,500க்கு மேற்பட்டவை உள்ளன! ஆகவே அவர் விரும்பியது வெண்கலத்தை அன்று. மண் எத்துணைத் தூரம் செல்லும் என்பதைக் காணும் இன்பத்தையே. நண்டுத் தட்டு வெறும் விளையாட்டு எனினும், வெண்கலப் போலிகளை அவ்வாறு சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்து தேயத்து ஜோசையா வெட்ஜ்வுட் செய்த முயற்சி வேறு வகையினது. போர்ட்லந்து கலம் எனப்படும் பண்டை ரோமானியக் கண்ணாடிக் குடுவை கருநீல நிறத்தது; மேலே வெண்கண்ணாடி போர்த்து, அதனைச் செதுக்கி மக்கள் உருவங்கள் அமைக்கப்பட்டது. வெண்மை மெலிந்த இடங்களில் அடியிலுள்ள நீலம் ஊடுருவித் தோன்றி நிழல்போல் நிற்கும். அதனை 1786இல் அதன் உடையவரான கோமகனிடம் இரவலாகப் பெற்ற வெட்ஜ்வுட், தாம் கண்ட ஜாஸ்பர் என்னும் மெருகற்ற மண்வகையில் அதுபோல் ஒன்று ஆக்க முனைந்தார். மண் உலர்ந்து வேகுங்கால் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். கரிய உடலும் அதன்மேல் ஒட்டிய வெள்ளுருவமும் ஒரே அளவாகச் சுருங்காவிடின் உருவம் பெயரும். அன்றி உடல் வெடிக்கும். பன்முறை தோற்று, ஏறத்தாழ நான்காண்டு கழிந்தபின்னரே அவர் வெற்றி பெற்றார். (சூளையின் வெப்பத்தை மண் சுருங்கும் அளவுகொண்டு அளக்கும் கருவியை 1782இல் அறிஞர்க்கு அறிவித்தவரும் இவரே. தமக்கு இடர்செய்த சுருக்கத்தையே கருவியாக்கிக் கொண்ட திறம் வியக்கத்தக்கது.) உண்மைக் குடுவை 1845இல் பிரிட்டிஷ் அரும்பொருட்சாலையில் ஒருவனால் உடைக்கப்பட்டு, பின்னர் ஒட்டப்பட்டது. போலிகளோ பல இன்றும் முழுமையாக உள்ளன.

இருபதாம் நூற்றாண்டில் இக்கலையை உயர்த்தியவருள் யாம் முதலிடம் தருவது கானடா நாட்டிற் பிறந்த மெரிலின் லெவீன் அம்மையார்க்கே (1935–2005). வேதிநூல் பயின்ற இவர், களிமண்ணில் நைலான் இழைகளைக் கலந்தார். இழை கலந்த மண்தகடு தோலைப்போல் மடியும், வளையும், கிழியாது. சூளையில் இழை எரிந்தொழியும். மண் மட்டும் நிற்கும். இங்ஙனம் அவர் தோற்பைகளையும் காலணிகளையும் மேற்சட்டைகளையும் செய்தார். அவற்றுள் ஒன்றேனும் புதிதாகத் தோன்றாது. பிடி தேய்ந்திருக்கும், மூலை மழுங்கியிருக்கும், காலணியில் அணிந்தவர் விரல் மடங்கிய சுருக்கம் இருக்கும். தோல் மக்கிவிடும்; அதன்மேற் பதிந்த ஒருவரின் வாழ்க்கைத் தழும்பும் உடன் மக்கும். சுட்ட மண்ணோ மக்காது. தோலாற் செய்ய இயலாத ஒன்றைத் தோலின் தோற்றத்தால் மண் செய்கின்றது. இதனைப் பொய் என்பார் அப்பை ஒன்றன்முன் சிறிது நேரம் நின்று பார்த்தபின் கூறுக.

சீனத்து யீஷிங் ஊரின் மெருகில்லாத் தேநீர்க்கெண்டிகளும் இவ்வினத்தனவே. அவற்றை மரத்தண்டாகவும் மூங்கிற்கணுவாகவும் வனைவது பல நூற்றாண்டு வழக்கம். சென் மிங்யுவான் அதிற் பெயர்பெற்றார். அம்மரபிற் பழகிய தைவான் நாட்டு ஆ லியோன், கெண்டியளவில் நில்லாது, 1997இல் வாஷிங்டன் நகரத்து அரும்பொருட்சாலை ஒன்றில் ஏறத்தாழ 60 அடி நீளமுள்ள பாலம் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். பார்ப்பார்க்கு அது மழையிலும் வெயிலிலும் நைந்து வெடித்த பழைய மரப்பாலம். பலகையும் மண், பலகையின் வெடிப்பும் மண்.