ஒரு கண் திடீரென மங்கினால்: ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

தராசையும் பில்லையும் பார்த்துப் பிழைப்பவர்கள் நாம். பார்வை மங்கினால், "கண்ணாடியை மாற்றினால் சரியாகும்" என்று தள்ளிப்போடுவது நம்மவர் வழக்கம். கண்ணாடியால் தீராத ஒரு கோளாறைப் பற்றி இங்கு எழுதுகிறோம். அதுதான் பார்வை நரம்பு அழற்சி. பெரும்பாலும் 20 முதல் 50 வயதுக்குள், பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது.

சில நாட்களுக்குள் ஒரு கண் மங்கும். விழியை அசைத்தால் வலிக்கும். மிளகாய் வற்றலின் சிவப்பு அந்தக் கண்ணுக்கு மட்டும் வெளுத்துத் தெரியும்.

பார்வை நரம்பை மின்கம்பி போல எண்ணிக்கொள்ளலாம். கம்பி இழைகளுக்கு மேலுறையாக இருப்பது 'மையலின்'. உடலின் எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்கும்போது நரம்பு வீங்குகிறது.

இந்த வீக்கத்தை அறிய அல்ட்ராசவுண்ட் உதவுகிறது. மூடிய இமைமேல் ஜெல் தடவி, கருவியை அழுத்தாமல் வைத்துப் பார்ப்பார்கள். எக்ஸ்-ரே கதிர் கிடையாது. சில நிமிட வேலை. விழிக்கு 3 மில்லிமீட்டர் பின்னால் நரம்பின் பருமனை அளந்து, மறு கண்ணோடு ஒப்பிடுவார்கள்.

ஆனால் மூளையில் அழுத்தம் கூடினாலும் இந்தப் பருமன் கூடும். எனவே இந்த அளவு மட்டுமே முடிவாகாது. மூளையிலும் தண்டுவடத்திலும் மையலின் சிதைந்துள்ளதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். சிலருக்கு இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும்.

பலருக்குச் சில வாரங்களில் பார்வை தேறிவிடும். அத்துடன் கணக்கு முடிந்ததென்று எண்ணலாகாது. அமெரிக்காவில் இந்நோயாளிகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் எம்.ஆர்.ஐ.யில் மூளையில் தழும்பு தெரிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' வந்தது. தழும்பு இல்லாதவர்களில் 25 சதவீதம். நம் நாட்டில் அந்நோய் குறைவு என்றாலும் பரிசோதனையைத் தவிர்க்கக்கூடாது.

மருந்துக் கடையில் தாமே ஸ்டீராய்டு மாத்திரை கேட்டு வாங்குவதும் தவறு. அதே ஆய்வின் 1992ஆம் ஆண்டு முடிவுப்படி, வழக்கமான அளவு மாத்திரை மட்டும் உண்டவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாயிற்று. இரத்தக்குழாய் வழியாக மருந்து பெற்றவர்கள் விரைவில் தேறினர்.

நமதூரில் கோரிமேடு ஜிப்மரும், தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளன. உறுப்பினர்களும் கடை ஊழியர்களும் இவ்வறிகுறி கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டுகிறோம். ஒருநாள் வியாபாரத்தை மறுநாள் ஈடுகட்டலாம்; பார்வையை அப்படி ஈடுகட்ட முடியாது.