மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்வும் பழ உணவும்

மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு விரைவாக அடர்த்தி குறைவது இயல்பு. முன்னதாக வலியொன்றும் தோன்றாது. களத்துமேட்டில் கால் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின்னரே பலருக்கு இத்தேய்வு தெரியவருகிறது. அவர்களுள் அநேகர் மீண்டும் பழையபடி நடமாடுவதில்லை.

காரணம்.— எலும்பு கல்லைப்போல் மாறாத பொருளன்று. வரப்பைச் செதுக்கிப் புதுமண் அணைப்பதுபோல, ஒருவகை அணுக்கள் பழைய எலும்பைக் கரைக்க, மற்றொருவகை அணுக்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. சூற்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் இவ்விரு வேலைகளையும் சமன்செய்கிறது. அது குறைந்தால், பிராணவாயுவினின்று உண்டாகும் தீய கூறுகளை அடக்கும் சத்துக்களும் எலும்பில் குறைகின்றன. கரைக்கும் வேலை மிஞ்சுகிறது. சூற்பை நீக்கப்பட்ட எலிகளுக்கு வைட்டமின் ஸி கொடுத்தபோது இத்தேய்வு தடைப்பட்டதாக 2003-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

பரீட்சை.— அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணச் சர்வகலாசாலையார், மாதவிடாய் நின்ற 235 பெண்களை மூன்று பிரிவாக்கி ஓராண்டு சோதித்து, 2022-ல் முடிவை வெளியிட்டனர். தினம் 50 கிராம் பிளம் பழ வற்றல் உண்டவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி நூற்றுக்கு 0.3 பங்கு குறைந்தது, உண்ணாதவர்களுக்கு 1.1 பங்கு குறைந்தது. 100 கிராம் உண்ணவேண்டிய பிரிவில் பலர் இடையில் விலகினர். நாள்தோறும் உண்ணத்தக்க சிறிய அளவே நடைமுறைக்கு ஏற்றது என்பது இதனால் விளங்கும்.

கவனிக்க வேண்டியவை.— (1) பிளம் குளிர்நாட்டுப் பயிர். அதன் பலனை நெல்லி, கொய்யாவுக்கு அப்படியே ஏற்றிக் கூறலாகாது. ஆயினும் இவ்விரண்டிலும் வைட்டமின் ஸி மிகுதி. எலும்பின் நார்ப்பகுதி உண்டாக அச்சத்து இன்றியமையாதது. வேகவைத்தால் அதில் ஒரு பகுதி கெடும். ஆதலின் பச்சையாக உண்பதே நன்று.

(2) பழம் மாத்திரம் எலும்பைக் கட்டாது. சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் அது சுமார் 350 மில்லிகிராமும், அதே அளவு பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராமும் உண்டு. வெயிலும் உடலுழைப்பும் அவசியம்.

(3) இளவயதில் சூற்பை அகற்றப்பட்டவர்களும், சிறு வீழ்ச்சியில் எலும்பு முறிந்தவர்களும் தாமதமின்றி வைத்தியரிடம் எலும்பின் அடர்த்தியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உணவு மருந்துக்கு ஈடாகாது.

கொல்லைப் பழமும் கறவைப் பாலும் விலைக்குப் போக, வீட்டுப் பெண்கள் எஞ்சியதை உண்ணும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. விற்பனைக்கு அனுப்புமுன் அவர்களுக்கென ஒரு பங்கை ஒதுக்குவது நிலமுடையோர் கடமை. கிராம அதிகாரிகளும் இதனை ஊரார்க்கு எடுத்துரைப்பார்களாக.